பின்கழுத்துத் திமிலை உறிஞ்சி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. மூட்டுவலிக்காக எங்கள் ஊருக்கு வந்து போகும் ஒருவர் பொட்டலமாகக் கட்டித் தரும் பொடியை நான்கு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஓராண்டாகப் பின்கழுத்தின் அடியில், மாட்டின் திமில் போலச் சதை திரண்டுவிட்டது. கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் செய்தால் ஒரே நாளில் போய்விடும் என்கிறாள் தோழி. செய்துகொள்ளலாமா? மறுபடியும் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உறிஞ்சி எடுக்க முடியும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது திமில் அல்ல, அந்தப் பொடிதான். மூட்டுவலியைச் சில நாட்களிலேயே அடக்கிவிடும் பெயரில்லாப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவர்கள் அவ்வப்போது பார்க்கிறோம். ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டாலும், உடலே தன் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலை மிகையாகச் சுரந்தாலும், கொழுப்பு கைகால்களை விட்டு முகத்திலும் வயிற்றிலும் பின்கழுத்திலும் சேரும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கட்டியால் வரும் இத்தகைய நிலையை 1932-இல் விரிவாக எழுதிய அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரால் இதைக் குஷிங் நோய்க்குறி என்கிறோம். முகம் உருண்டையாகிவிட்டதா, லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகிறதா, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் உண்டா, மாடிப்படி ஏறும்போது தொடை தளர்கிறதா என்று கவனியுங்கள்.

ஒன்றை மிகுந்த அழுத்தத்துடன் சொல்கிறேன்: பயந்துபோய்ப் பொடியை இன்றே நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிக் கிடக்கும். திடீரென நிறுத்தும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மீதமுள்ள பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் செல்லுங்கள். காலை நேர ரத்தத்தில் கார்டிசால் மிகக் குறைவாக இருந்தால் சந்தேகம் பொடியின் மீது வலுக்கும். அப்படியில்லாமல் உடலே மிகையாகச் சுரக்கிறது என்று தோன்றினால், இரவு 11 மணி அளவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 1 மில்லிகிராம் தந்து, மறுநாள் காலை 8 மணிக்குக் கார்டிசாலை அளப்பார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பரிசோதனையில் அது வெறும் கொழுப்புக் கட்டி என்றோ, கூன் விழுந்த எலும்பு என்றோ தெரியவந்தால் வழியே வேறு: கட்டியை அறுத்து எடுக்கலாம், எலும்பை எந்தக் குழாயாலும் உறிஞ்ச முடியாது.

ஸ்டீராய்டுதான் காரணம் என்றால், மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைக்கும்போது திமிலும் பல மாதங்களில் சுருங்கக்கூடும். அதற்கு முன்பே அறுவை செய்வதை நான் விரும்புவதில்லை. ஸ்டீராய்டு ஊறிய உடலில் காயம் மெதுவாக ஆறும், கிருமித்தொற்றும் எளிதில் வரும்.

அதற்குப் பிறகும் மீதமிருந்தால் லைப்போசக்ஷன் நல்ல வழிதான். உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னையும் ரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரீனலினையும் கலந்து செலுத்தி, சிறு துளைகள் வழியே மெல்லிய குழாயை நுழைத்து உறிஞ்சுவார்கள். பின்கழுத்துக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைப் போல இளகியது அல்ல. நார் பின்னிய கெட்டியான கொழுப்பு. ஆகவே சில மருத்துவர்கள் மீயொலிக் கருவியால் அதை முதலில் இளக்கிக்கொள்கிறார்கள். நிணநீர் தேங்குவதும், தோல் மேடுபள்ளமாவதும், சில வாரங்கள் மரத்துப்போவதும் உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம் என்ற அளவில் உங்கள் தோழி சொன்னது சரி; வீக்கம் முழுதும் வடிந்து கழுத்தின் உண்மையான வடிவம் தெரிய மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம். உறிஞ்சி எடுத்த கொழுப்புச் செல்கள் திரும்புவதில்லை. ஆனால் பொடி தொடர்ந்தால், எஞ்சியிருக்கும் செல்கள் பருத்து அதே இடத்தில் திமில் மீண்டும் எழும்பலாம்.