சுவர் வெடித்தால் அஸ்திவாரம் இறங்கிவிட்டதா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. வீடு உள்வாங்குகிறதா?

பதில்: இப்படி ஒற்றை வரியில் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அகலம் எத்தனை மி.மீ., எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த மாதம் முதலில் கண்ணில் பட்டது? இந்த மூன்றையும் எழுதுங்கள். இப்போதைக்குப் பொதுவாகச் சொல்கிறேன். 1 மி.மீ.க்கு உட்பட்டு வலைபோலப் பரவிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வந்தவை, அவற்றை விட்டுவிடலாம். 3 மி.மீ.க்கு மேல் அகலம், ஜன்னல் அல்லது நிலையின் மூலையிலிருந்து சாய்வாகவோ படிபடியாகவோ ஓட்டம், ஒரு முனை அகன்று மறுமுனை குறுகல், சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிதல், கூடவே கதவு நிலையில் உரசுதல். இவை சேர்ந்து வந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகியுங்கள். விரிசல் மேலே அகலமாக இருந்தால் சுவரின் கோடி இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது.

கேள்வி: கான்கிரீட் தூணுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நேர்கோடாக விரிசல். பீமுக்கு அடியிலும் அதேபோல் குறுக்காக ஒரு கோடு.

பதில்: இதற்காக அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டாம். கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்கும். இருபுறமும் 10–15 செ.மீ. பூச்சைக் கொத்தி எடுத்து, சிக்கன் மெஷ் (கோழிவலைக் கம்பி) அடித்து, மறுபடி பூசுங்கள்.

கேள்வி: ஜன்னல் மூலையிலிருந்து படிபடியாக மேலே ஏறும் விரிசல். கொத்தனார் இரண்டு முறை சிமெண்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்தாயிற்று. இந்தக் கோடையில் பக்கத்திலேயே மறுபடி திறந்துகொண்டது. உறுதியான கிராக் ஃபில்லர் எது?

பதில்: எந்த ஃபில்லரும் இப்போது வேண்டாம். மண் எவ்வளவு அசைகிறது என்று காட்ட உங்களிடம் இருந்த ஒரே அளவுகோல் அந்த விரிசல்தான். அதை இரண்டு முறை அழித்துவிட்டீர்கள். இந்தக் கேள்வி–பதில் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் வாசகர்கள் முதலில் கூப்பிடுவது கொத்தனாரை, வாங்குவது பட்டியை.

பக்கத்திலேயே ஏன் வெடித்தது என்று பாருங்கள். களிமண்ணும் கரிசலும் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். கோடையில் அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மண்ணோடு இறங்க, விரிசல் 4 மி.மீ. திறக்கிறது என்று வையுங்கள். மழை பெய்து மண் உப்பினால் சுவர் மேலே வந்து விரிசல் பெரும்பாலும் மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் கெட்டியான சிமெண்டை அடைத்துவிட்டால் மூட இடம் இல்லை. அந்த அழுத்தத்தில் அடுத்த செங்கல்லோ பக்கத்துச் சாந்தோ வெடிக்கும். அடுத்த கோடையில் மறுபடி திறக்கும், மறுபடி அடைப்பீர்கள். ஒவ்வொரு அடைப்புக்கும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக நெட்டித் தள்ளப்படுகிறது. முதல் வருஷம் மழையோடு மூடியிருக்க வேண்டிய விரிசல், நாலைந்து வருஷத்தில் நிரந்தரமாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. பட்டியைக் கத்தியால் சுரண்டி விரிசலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, உள்ளே செங்கல் சுத்தச் சிவப்பாகத் தெரிந்தால் விரிசல் புதிது. ஓரம் மழுங்கி, உள்ளே தூசியும் பழைய பெயிண்டும் இருந்தால் பழையது. விரிசலுக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என மூன்று திருகாணிகளை முக்கோணமாக, சுமார் 10 செ.மீ. இடைவெளியில் முடுக்குங்கள். இரண்டு மட்டும் போட்டால் அகன்றது தெரியும், கீழே நழுவியது தெரியாது. டிஜிட்டல் வெர்னியரால் (மி.மீ.யின் பின்னம்வரை காட்டும் அளவுகோல்) மாதம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் அதே நேரத்தில் அளந்து, தேதியோடு எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம்.

கோடையில் அகன்று மழையில் குறுகினால் களிமண் சுருக்கம். மழைக்குப் பின் அகன்றால், தளர்வான நிரப்பு மண் நனைந்து அமுங்குகிறது. அல்லது கசியும் குழாய் மணலை அரித்துக்கொண்டு போகிறது. பருவம் பாராமல் அகன்றுகொண்டே போனால், அதிலும் மாதம் 1 மி.மீ. என்றால், வருஷக் கணக்குப் பார்க்காமல் கட்டமைப்புப் பொறியாளரை உடனே வரச்சொல்லுங்கள்.

இதற்கிடையே தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரவில் எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைக் குறித்து, காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க்குக் கீழ்ப்பக்கச் சேம்பரில் (மூடி போட்ட ஆய்வுக் குழி) அடைப்பு வைத்து, மேல்பக்கச் சேம்பர் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. மொட்டைமாடித் தண்ணீர் சுவரின் காலடியில் கொட்டுகிறதென்றால், குழாயை 2–3 மீட்டர் தள்ளி நீட்டுங்கள். காரணம் சரியாகி, அளவுகள் அசையாமல் நின்ற பிறகு விரிசலைத் தைக்கலாம். நாலைந்து வரிசைக்கு ஒரு சாந்து மூட்டில், விரிசலுக்கு இருபுறமும் அரை மீட்டர் நீளும்படி 6 மி.மீ. துருப்பிடிக்காத முறுக்குக் கம்பியைப் பதித்து, கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சாந்து) போடுவார்கள். பட்டியும் பெயிண்டும் அதற்குப் பிறகு.

கேள்வி: ஹாலில் டைல்ஸ் நடுவில் குழிந்துவிட்டது. ஸ்கர்ட்டிங்குக்குக் (சுவரின் அடியில் ஒட்டிய பட்டை) கீழே விரல் நுழையும் இடைவெளி. சுவரில் ஒரு கோடுகூட இல்லை.

பதில்: சுவர் நிற்பது அஸ்திவாரத்தின் மேல், தரை நிற்பது பேஸ்மட்டத்தில் கொட்டிய மண்ணின் மேல். உங்கள் வீட்டில் இறங்கியது அந்த மண் மட்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரேயடியாகக் கொட்டி, மேலே மட்டும் இடித்திருப்பார்கள். டைலை நாணயத்தால் தட்டிக்கொண்டே போய், பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டம் குளியலறை, சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். ஒழுகலை நிறுத்தாமல் தரையைப் போட்டால் அதுவும் இறங்கும். பிறகு உடைத்து, தளர்ந்த மண்ணை எடுத்து, 15 செ.மீ. அடுக்குகளாக ஈரப்படுத்தி இடித்து நிரப்பி, மேலே 10 செ.மீ. கான்கிரீட் போடுங்கள்.

கேள்வி: வீட்டு மூலையில் பெரிய மரம். அதன் வேர்தான் காரணம் என்கிறார்கள். நாளையே வெட்டிவிடட்டுமா?

பதில்: வெட்டாதீர்கள். களிமண்ணில் மரம் செய்யும் தீங்கு பெரும்பாலும் வேர் முட்டுவதால் வருவதல்ல, மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் வருவது. வீட்டைவிட வயதான மரத்தை ஒரே நாளில் வீழ்த்தினால், அது இத்தனை காலம் உலர்த்தி வைத்த மண் வருஷக்கணக்கில் ஈரம் குடித்து உப்பும். அஸ்திவாரம் மேலே தூக்கப்படும். இறங்கியதால் வந்த விரிசலைவிட அதைச் சமாளிப்பது கடினம். மரத்தின் வயதையும் வீட்டின் வயதையும் ஒப்பிடுங்கள், மண்ணைச் சோதியுங்கள். அதுவரை கிளைகளைப் படிப்படியாகக் குறைத்தால் போதும். மணற்பாங்கான மண் என்றால் இந்தக் கவலை அநேகமாகத் தேவையில்லை.

கேள்வி: சுவரை ஒட்டி சம்ப் தோண்டலாமா?

பதில்: கூடாது. அஸ்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து 45 டிகிரி சாய்வில் கீழே ஒரு கோடு போடுங்கள். குழி அந்தக் கோட்டைத் தொடக் கூடாது. அஸ்திவாரத்தைவிட ஒரு மீட்டர் ஆழமாகத் தோண்டினால் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, இளகிய மண் என்றால் இரண்டு மீட்டர். பக்கத்து மனையில் தோண்டுகிறார்கள் என்று எழுதியவருக்கும் இதே கோடுதான். வேலை தொடங்குமுன் உங்கள் சுவர் முழுவதையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பழைய வீட்டோடு புது அறை சேர்த்தோம். சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

பதில்: பழையது இறங்கி முடித்துவிட்டது, புதியது இப்போதுதான் இறங்குகிறது. செங்கல்லைப் பல் வைத்துக் கோத்தது தவறு. இரண்டையும் பிரித்து 2 செ.மீ. இடைவெளி விட்டு, நெகிழும் சீலன்ட் அடைத்து, மேலே பட்டை போட்டு மறையுங்கள்.

கேள்வி: அஸ்திவாரத்துக்கு அடியில் புதுக் கான்கிரீட் கொடுக்கச் சொல்லிவிட்டார் பொறியாளர். சுவர் நீளம் முழுக்க ஒரே நாளில் தோண்டி இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்கிறார் காண்டிராக்டர்.

பதில்: அந்தக் காண்டிராக்டரை அனுப்பிவிடுங்கள். சுவர் அந்தரத்தில் நிற்காது. ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, சுவர் நெடுக 1, 3, 5, 2, 4 என்று எண் போட்டு, எண் வரிசைப்படி, ஒரு சமயத்தில் ஐந்தில் ஒரு துண்டை மட்டும் திறக்க வேண்டும். அடுத்தடுத்த துண்டுகள் ஒருபோதும் சேர்ந்து திறந்திருக்கக் கூடாது. புதுக் கான்கிரீட்டைப் பழைய அடிமட்டத்துக்கு 7–8 செ.மீ. கீழே நிறுத்தி, குறைந்தது ஒரு நாள் கழித்து அந்த இடைவெளியில் 1:3 சாந்தை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். தண்ணீராக ஊற்றினால் அது சுருங்கும்; சுவர் அந்த அளவுக்கு மறுபடி இறங்கும். மேற்பார்வைக்கு நிற்பவர் இந்த ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஊரெல்லாம் போர்வெல் போட்டு நிலத்தடி நீரை எடுக்கிறார்கள். அதனால்தான் என் சுவர் வெடித்ததா?

பதில்: மெக்ஸிகோ நகரில் நீர் இறைத்து இறைத்தே சில பகுதிகள் மீட்டர் கணக்கில் தாழ்ந்திருக்கின்றன. அங்கும் கட்டடத்தைக் கெடுப்பது ஒரு மூலை இன்னொன்றைவிட அதிகம் இறங்குவதுதான். ஒரு மூலை மட்டும் வெடித்திருந்தால், காரணத்தை முதலில் அந்த மூலையில் தேடுங்கள்.

கேள்வி: நேற்று இரவு 5 மி.மீ. இருந்த விரிசல் காலையில் 12 மி.மீ. வாசல் கதவு திறக்கவில்லை. தூணின் அடியில் கான்கிரீட் பொரிந்து உதிர்கிறது.

பதில்: கடிதம் எழுதும் நேரமில்லை இது. எல்லோரும் வெளியேறுங்கள், முடிந்தால் வெளியிலிருந்தே மின்சாரம், கேஸ், தண்ணீர் மூன்றையும் நிறுத்துங்கள். பொருள் எடுக்கத் திரும்பாதீர்கள். பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது.

கேள்வி: விரிசலின் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டினேன். மூன்று மாதமாக உடையவில்லை. நின்றுவிட்டதா?

பதில்: பசை விட்டிருந்தாலும் கண்ணாடி உடையாது. உடைந்தாலும், அசைந்தது என்று மட்டும் சொல்லும், எத்தனை மி.மீ., எந்தப் பக்கம் என்று சொல்லாது. எடுத்துவிட்டு மூன்று திருகாணி முடுக்குங்கள். மூன்று மாதமும் ஒரே பருவத்துக்குள் வருகிறது, ஆகவே தேதி எழுதி ஏறக்குறைய ஒரு வருஷம் அளவெடுங்கள்.