ரப்பரும் வகுப்பறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்தில் பிறந்தவன் நான். பொறியியல் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக சாலிட் மெக்கானிக்ஸ், அதாவது விசைக்கு உட்படும் திடப்பொருள்கள் எப்படி உருமாறுகின்றன என்ற பாடம், கற்பிக்கிறேன். ரப்பர் பெரிய அளவில் உருமாறும்போது அதனுள் தகைவு (பரப்பின் ஓர் அலகில் செயல்படும் உள்விசை) எப்படிப் பரவுகிறது என்பதே என் ஆய்வுத்துறை. இப்போது மெக்கானிக்கலில் சேர ஆளில்லை. சேர்ந்தவர்களும் கணினி வேலைக்கே தயாராகிறார்கள். நிர்வாகம் ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்கிறது. என் கட்டுரைகளை உலகத்தில் இருபது பேர் படித்திருந்தாலே அதிகம். இத்தனை ஆண்டுகளும் வீண்தானா? விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில வாரங்களாக நான் ரப்பரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. சிறுவயதில் கீரிப்பாறைப் பக்கம் மாமாவின் தோட்டத்துக்கு விடுமுறையில் போவோம். விடியுமுன்பே அவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டக் கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் பால் ஊறுவது குறைந்துவிடும். பட்டையின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடாவாக உரித்தெடுப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. அந்த நாடாவைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். ஏன் என்று மாமாவிடம் கேட்டோம், பள்ளியிலும் கேட்டோம், பதில் கிடைக்கவில்லை.

இதே சூட்டைத் தன் உதட்டால் உணர்ந்து, 1805இல் அச்சில் பதிவுசெய்தவர் ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேயர். பாரம் தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கிப் பாரத்தை மேலே தூக்கும் என்பதையும் அவர் கண்டார். இரும்புக் கம்பியாக இருந்தால் நீண்டிருக்கும். 1859இல் இயற்பியலாளர் ஜூல் அதை அளந்து உறுதிப்படுத்தினார். இரும்பை இழுக்கும்போது அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு எதிர்க்கிறது. ரப்பரிலோ சிக்குப்பிடித்த நூல்போல் சுருண்டுகிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் நேராகின்றன. அவை மறுபடி சுருண்டுகொள்ளும் இயல்பே நம் விரலை இழுக்கும் விசை. இதை என்னைவிட நூறு மடங்கு நன்றாக நீங்கள் அறிவீர்கள். என் கோபமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இருபது பேர்தான் படித்தார்கள் என்று வருந்துகிறீர்களே, உங்கள் ஊரில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் ஒருவரிடமாவது இதைச் சொன்னதுண்டா? உங்கள் முதல் வகுப்பு எதில் தொடங்குகிறது? அநேகமாக, இழுக்கும் விசைக்கு ஏற்ற அளவில் பொருள் நீளும் என்று ராபர்ட் ஊக் 1678இல் வெளியிட்ட விதியில், மாணவன் கையால் தொட்டிராத மெல்லெஃகுத் தண்டின் வரைபடத்தில். எஃகு தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீள்வதற்குள் அதன் மீள்தன்மை எல்லை வந்துவிடும், அதைத் தாண்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அந்தச் சிறு நீட்சியைக் கண்ணால் பார்க்க முடியாது, நம்பத்தான் வேண்டும். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு நீண்டுவிட்டுத் திரும்பி வரும் பொருள் உங்கள் மாணவனின் வீட்டுக் கொல்லையில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதை வகுப்புக்குக் கொண்டுவராமல், ஆர்வமில்லை என்று அவனைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: உங்கள் ஆய்வையும் வகுப்பையும் இரண்டு தனி அறைகளில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். பாலத்தின் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் கறுப்பு ரப்பர் தாங்கியை மாணவர்களுக்குக் காட்டுங்கள். அழுத்தினால் ரப்பரின் கனஅளவு அநேகமாகக் குறைவதில்லை, ஆகவே அது பக்கவாட்டில் பிதுங்கியாக வேண்டும். அதைத் தடுக்கவே உள்ளே எஃகுத் தகடுகளை அடுக்கடுக்காகப் பதிக்கிறார்கள். மேலிருந்து வரும் பாரத்துக்கு விறைப்பாக நின்று, வெயிலில் பாலம் நீளும்போது பக்கவாட்டில் இணங்கிக் கொடுக்கும் தாங்கி அப்படித்தான் உருவாகிறது. 1940களில் ரப்பரின் நீட்சியைப் பற்றி ட்ரெலோர் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளும் ரிவ்லின் என்ற ஆய்வாளர் எழுதிய சமன்பாடுகளும், அதாவது உங்கள் வாழ்நாள் படிப்பு முழுவதும், அந்தத் தாங்கியில் இருக்கின்றன. அதைப் பார்த்தபிறகு சமன்பாட்டை எழுதினால் மாணவன் கூடவே வருவான்.

கட்டுரை எண்ணிக்கை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கணினி வேலைக்குப் போகிறவர்கள் போகட்டும், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே பொருளின் இயல்பை அறிய முயன்ற ஒருவர் 'வீண்தானா' என்று கேட்பதைப் படித்தபோது மிகவும் வலித்தது. தயவுசெய்து அந்தச் சொல்லை இன்னொரு முறை எழுதாதீர்கள்.

ரப்பர் ஏன் சூடாகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி தமிழில் ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். ஓய்வு விண்ணப்பத்தை அதன்பிறகு யோசிக்கலாம்.