தெருவில் இறங்கியதும் இழுக்கும் நாயைப் பக்கத்தில் நடக்கப் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைக்கு 11 மாதம் ஆகிறது, ஆண். மொட்டைமாடியில் சொன்னதெல்லாம் கேட்கிறான். தெருவில் இறங்கிவிட்டால் நான் யாரென்றே தெரியாதவன் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடுகிறான். ஆடு, தெருநாய், ஸ்கூட்டர், எதைப் பார்த்தாலும் அதே கதைதான். காலையில் அப்பாவும் மாலையில் நானும் கூட்டிப்போகிறோம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் சங்கிலியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? காலை ஒட்டி நடக்க எப்படிப் பழக்குவது?

பதில்: சோக் செயின் வேண்டாம். சிப்பிப்பாறைக்குக் கழுத்து நீளம், தோல் மெல்லிசு. சுண்டி இழுத்தால் அடி நேராக மூச்சுக்குழாயில் விழும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. தெருநாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், வலிக்குக் காரணம் அந்தத் தெருநாய்தான் என்று உங்கள் பையன் முடிவு கட்டிவிடுவான். இன்று ஆர்வத்தில் இழுப்பவன் நாளை உறுமிக்கொண்டு பாய்வான்.

அவன் அடம்பிடிப்பதாக நினைக்காதீர்கள். கரிசல் காட்டில் கண்ணால் பார்த்து முயலை விரட்டுவதற்கென்றே வளர்த்தெடுத்த இனம் இது. முயல் வேட்டைக்கு இன்று சட்டம் இடம் தராது, ஆனால் அந்தக் கண் அப்படியேதான் இருக்கிறது. லேப்ரடாருக்கு மூக்குக்கு நேரே தின்பண்டத்தை நீட்டினால் தலை திரும்பிவிடும். இவனுக்கு, தெருமுனையில் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளினால், உங்கள் கையில் இருக்கும் கோழிக்கறி இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் தீனியைக் காட்டி இழுத்துப்போகும் வித்தை இவனிடம் வெகுதூரம் செல்லாது. உங்களைத் திரும்பிப் பார்ப்பதே லாபம் என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். பக்கத்தில் நடப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

கேட்டைச் சாத்திவிட்டு வாசலிலேயே தொடங்குங்கள். கயிற்றை மாட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், தீனியைக் காட்டவும் வேண்டாம். மோந்து பார்ப்பான், கேட் இடுக்கில் எட்டிப் பார்ப்பான், சலித்துப்போய் ஒரு கணம் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தக் கணத்தில் ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு கொடுங்கள். சொல் எதுவானாலும் சரி, வீட்டுப் பேச்சில் அடிக்கடி வராத ஒன்றாக இருக்கட்டும். சொல் முதலில், கை பிறகு. இரண்டும் ஒன்றாக நடந்தால் அவன் உங்கள் கையைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான்.

பலர் கோட்டை விடுவது தீனி கொடுக்கும் இடத்தில். அவன் உங்கள் இடது பக்கம் நடக்க வேண்டுமானால், தீனி இடது கையிலிருந்து, உங்கள் பேண்ட்டின் பக்கத் தையலை ஒட்டி, அவன் வாய் உயரத்தில் வர வேண்டும். வலது கையால் குறுக்கே நீட்டினால் அவன் முன்னால் சுற்றி வந்து காலைத் தடுப்பான். நாய் எங்கே தீனி வாங்குகிறதோ அங்கேயே சுற்றும். கயிறு வலது கையில், தொய்ந்து தொங்கட்டும். விறைப்பாகப் பிடித்தால் எந்த நாயும் எதிர்ப்பக்கம்தான் இழுக்கும், அது அதன் உடம்பின் இயல்பு.

பார்வை வரத் தொடங்கியதும் ஒரு அடி வையுங்கள். பார்த்துக்கொண்டே கூட வந்தால் ‘யெஸ்’. பிறகு மூன்றடி, பிறகு ஒரே அடி, பிறகு ஏழு. எப்போது கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாதபடி மாற்றிக்கொண்டே இருங்கள். கவனம் நழுவினால் இழுக்காமல் வலப்பக்கம் திரும்பி நடங்கள், அவனே ஓடி வந்து சேர்ந்துகொள்வான். நாலு நிமிடம் போதும். காலை ஒட்டி நடக்கச் சொல்லும் ‘ஹீல்’ என்ற சொல்லை இப்போதே சொல்லாதீர்கள். அவனாகவே அந்த இடத்துக்கு வரப் பழகிய பிறகு சொன்னால்தான் சொல்லுக்கு மதிப்பு.

தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவில். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். பசிக்கும் நேரமே பயிற்சிக்கு நல்லது. ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களை வயிறு நிறைந்ததும் ஓடவிட்டால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கோழியைவிட உங்கள் பையனுக்குப் பிடித்த கூலி ஒன்று இருக்கிறது: விரட்டுவது. நீளக் கம்பின் நுனியில் கயிறு கட்டி அதில் பழைய துணியை முடிந்துகொள்ளுங்கள். நாலு அடி ஒழுங்காக நடந்தானா, ‘யெஸ்’, துணி மண்தரையில் ஓடட்டும், அவன் விரட்டிப் பிடிக்கட்டும். துணியை உயரத் தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள், இந்த வயதில் மூட்டுக்கு ஆகாது. டைல்ஸ் தரையிலும் வேண்டாம். ஆட்டின் பின்னால் ஓட நினைக்கும் அதே ஆசை உங்கள் வழியாக நிறைவேறுகிறது என்று தெரிந்துவிட்டால் அவன் பார்வை தானாக உங்கள் பக்கம் வரும்.

வாசலில் சரியான பிறகு கேட். கேட் திறப்பதும் ஒரு பரிசுதான்: முகத்தைப் பார்த்தால் திறக்கும், முட்டினால் மூடும். தெருவில் எல்லாம் தூரக் கணக்கு. தெருநாய் நாலு வீடு தள்ளி நிற்கும்போது அதைப் பார்த்துவிட்டு உங்களையும் பார்க்கிறானா? அந்தத் தூரத்தில்தான் இன்றைய பாடம். தீனியைத் தொடவே மறுத்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள்.

இனி அப்பா விஷயம். மாலையில் நீங்கள் பழக்கியதைக் காலையில் அவர் இழுபட்டுக்கொண்டே நடந்து அழித்துவிடுவார், பாவம், அவருக்கு அது தெரியாது. அவரை மாற்ற முயல்வதைவிடச் சாதனத்தை மாற்றுவது சுலபம். சும்மா நடக்கும்போது மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், பயிற்சிக்கு மட்டும் கழுத்துப்பட்டை. கழுத்தில் பட்டை ஏறினால் வேலை நேரம் என்பதை நாய் சீக்கிரமே கண்டுகொள்ளும். பட்டை மார்ட்டிங்கேல் வகையாக இருக்கட்டும். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், சாதாரண பெல்ட் பின்வாக்கில் உருவிக்கொண்டு வந்துவிடும். மார்ட்டிங்கேல் இழுத்தால் ஓரளவு இறுகி அதோடு நின்றுவிடும். விசைச்சுருள் வைத்து நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும் என்ற பாடத்தைத்தான் அது சொல்லிக் கொடுக்கும்.

நடை முழுவதும் உங்களையே பார்த்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அவனுக்கு மூளைக்கு வேலை. அரை மணி நடையில் இங்கொரு நிமிடம் அங்கொரு நிமிடம் போதும். மற்ற நேரம் ‘போ’ என்று சொல்லி மோந்து பார்க்க விடுங்கள். வெயிலில் தார்ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவனையும் கூட்டிப்போகாதீர்கள்.

இவ்வளவும் செய்து சில வாரங்கள் கழித்தும், தெருநாயைக் கண்டதும் முதுகு முடி சிலிர்த்து உறுமிப் பாய்ந்தால், அது நடைப்பயிற்சிக் குறை இல்லை, பெரும்பாலும் பயமாக இருக்கும். ரேபிஸ் ஊசி தேதியைச் சரிபார்த்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மறைந்திருக்கும் வலி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சொல்லலாம்.