கெக்கும் கரியமில வாயுவும்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் பீர் காய்ச்சி, பாட்டிலை விட்டு கெக்குக்கு (பீரை அழுத்தத்தோடு வைத்து ஊற்றும் எஃகுக் கலம்) மாறியவர்களின் கடிதங்கள் இந்த முறை. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எனவே இங்குள்ள பதில்கள், அதற்கு அனுமதி உள்ள நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு மட்டும்.

பழைய பால்-லாக் கெக் (இணைப்பி குண்டுகளால் பூட்டிக்கொள்ளும் வகை) ஒன்று வாங்கினேன். மூடியைத் திறந்து, சைஃபன் குழாயால் ஐ.பி.ஏ. பீரை (ஹாப்ஸ் என்ற கசப்பு மணப்பூ அதிகம் சேர்த்த வகை) இறக்கினேன். மூன்றே வாரத்தில் நிறம் பழுப்பாகி, ஹாப்ஸ் வாசனை போய், ஈர அட்டைப் பெட்டி மாதிரி ஒரு சுவை வந்துவிட்டது. கெக் கெட்டதா, பீர் கெட்டதா?
— ம.செ., ஸ்கார்பரோ

கெக்கில் குறையில்லை, காற்றுதான் காரணம். நொதித்து முடிந்த பீருக்கு ஆக்சிஜன் ஆகாது. ஹாப்ஸ் அதிகம் போட்ட பீரில் அது சீக்கிரம் தெரியும், ஸ்டவுட் என்ற கருநிற பீரில் கொஞ்சம் மறைந்து நிற்கும். திறந்த கெக்கில் சைஃபன் வைத்தால், ஏறும் பீரின் மேற்பரப்பு முழுவதும் காற்றில் படுகிறது. பிறகு மூடி, வாயுவை ஏற்றி இறக்கினாலும் கரைந்தது கரைந்ததுதான்.

மூடிய முறையில் மாற்றுங்கள். கெக்கை ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசலால் விளிம்பு வரை நிரப்புங்கள். 19 லிட்டருக்கு 30 மி.லி. போதும். கெக்கின் மேல் இரண்டு முனைகள்: வாயு நுழையும் வாயு முனை, அடிவரை நீளும் குழாயோடு சேர்ந்த பீர் முனை. வாயு முனையின் உள்ளே இருக்கும் குட்டைக் குழாய் கீழே நீண்டிருந்தால், அந்த உயரத்துக்கு மூடிக்கடியில் காற்று தங்கிவிடும். கெக்கை அந்தப் பக்கம் உயர்த்திச் சாய்த்து நிரப்பினால் அதுவும் வெளியேறும். மூடியை இறுக்கி, 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் வாயு கொடுத்து, கரைசல் முழுவதையும் பீர் முனை வழியாக வாளிக்குத் தள்ளுங்கள். இப்போது கெக்கில் இருப்பது கரியமில வாயு மட்டுமே.

அடுத்து, மூடியிலுள்ள நிவாரண வால்வை இழுத்து கெக்கின் அழுத்தத்தை இறக்குங்கள். இதை மறந்தால் கெக்கில் உள்ள வாயு ஃபர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் கலம்) பாய்ந்து அடிவண்டலைக் கலக்கிவிடும். ஃபர்மென்டர் மேசை மேல், கெக் தரையில். ஃபர்மென்டரின் குழாயிலிருந்து வரும் ஹோஸின் நுனியில் கறுப்பு இணைப்பியை மாட்டி, அதன் உள்ளே இருக்கும் ஊசியைச் சுத்தமான குச்சியால் அழுத்துங்கள். ஹோஸில் உள்ள காற்று போய்ப் பீர் எட்டிப் பார்த்ததும், கெக்கின் பீர் முனையில் மாட்டுங்கள். பீர் நீண்ட குழாய் வழியே அடியிலிருந்து அமைதியாக ஏறும். வாயு முனையில் சாம்பல் நிற இணைப்பியுடன் இன்னொரு ஹோஸ் போட்டு, அதன் மறுமுனையை ஃபர்மென்டரின் மேல் துளையில் சொருகிவிடுங்கள். கெக்கிலிருந்து வெளியேறும் வாயு பீர் இறங்கிய இடத்தை நிரப்பும், வெளிக்காற்று உள்ளே வராது.

எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது. கெக்கைத் தராசில் வையுங்கள், எடை 18.5 கிலோ கூடியதும் குழாயை மூடுங்கள். நடுவில் ஓட்டம் நின்றால் பெரும்பாலும் ஹாப்ஸ் துணுக்கு முனையின் பாப்பெட்டில் (உள்ளே இருக்கும் சிறு சுருள்வில் வால்வு) சிக்கியிருக்கும். மாற்றுவதற்கு முன் இரண்டு நாள் 2 டிகிரியில் குளிரவைத்தால் வண்டல் படிந்து இந்தத் தொல்லை குறையும். ஆனால் குளிரும்போது ஃபர்மென்டர் காற்றை உள்ளே இழுக்கும், ஏர்லாக்கை (நொதிக்கும் வாயு குமிழியாக வெளியேறும் நீர் அடைப்பு) எடுத்து அடைத்துவிட்டுக் குளிரவையுங்கள். அடைத்த கலம் உள்வாங்கினாலும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கார்பாய் என்ற பெரிய கண்ணாடி ஜாடியில் இதைச் செய்ய வேண்டாம். அதில் அழுத்தம் கொடுத்துப் பீரைத் தள்ளவும் வேண்டாம். உடைந்தால் கையும் காலும் போகும்.

காலிக் கெக்கில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றி இறக்குவதைப் பத்து முறை செய்கிறேன். காற்று போகிறதா? 2.6 கிலோ சிலிண்டர் இவ்வளவு சீக்கிரம் தீர்வது ஏன்?
— ஆர்.வி., மெல்பர்ன்

காற்று போகிறது, கூடவே உங்கள் காசும் போகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஐந்து முறையில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 800 பங்கு அளவுக்கு வரும், பத்து முறையில் மூன்று பங்கு. ஆனால் 19 லிட்டர் காலிக் கெக்கை ஒருமுறை 30-க்கு ஏற்ற சுமார் 70 கிராம் வாயு வேண்டும். பத்து முறைக்கு 700 கிராம், அதாவது உங்கள் சிலிண்டரில் கால்வாசிக்கு மேல். மேலே சொன்ன கரைசலைத் தள்ளும் முறைக்கு 50 கிராம்கூட ஆகாது, சுத்தமும் அதில்தான் அதிகம்.

ஒரு கெக்குக்கு நியாயமான கணக்கு இது: கரைசலைத் தள்ள 47 கிராம், பீரில் கரைய 60 கிராம், கடைசி டம்ளர் வரை ஊற்ற 67 கிராம். கூட்டினால் 175-க்குள். கசிவு இல்லாவிட்டால் உங்கள் சிலிண்டர் 12 முதல் 14 கெக் வரை வர வேண்டும்.

இன்னொரு வழியில் சிலிண்டரே தேவையில்லை. 20 லிட்டர் பீரின் ஒப்படர்த்தி 1.050-லிருந்து 1.010-க்கு இறங்கும்போது 400 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வருகிறது, ஏர்லாக்கில் குமிழியாக வீணாகிறது. ஏர்லாக்குக்குப் பதில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையை, கரைசலால் கழுவி வடித்த கெக்கின் பீர் முனையில் மாட்டுங்கள். வாயு முனையிலிருந்து ஒரு ஹோஸை ஸ்டார் சான் ஜாடிக்குள் விடுங்கள். கெக்கின் கொள்ளளவைப் போல் இருபது மடங்கு வாயு அதன் வழியே போய்விடும். ஈஸ்ட் நுரை பொங்கிக் கெக்குக்குள் போகாதபடி ஃபர்மென்டரில் மேலே போதிய இடம் விடுங்கள். குளிரவைப்பதற்கு முன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஜாடிக் கரைசல் திரும்பி வரும்.

சனிக்கிழமை விருந்து, வியாழக்கிழமை கெக்கில் ஊற்றுகிறேன். வாயு ஏறிவிடுமா?
— கே.பி., எடிசன், நியூ ஜெர்சி

ஏறும், ஆனால் பீர் முதலில் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான பீரில் வாயு கரையாது. 4 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. வைத்தால் 2.5 அளவு வாயு நிற்கும். அதாவது ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் கரியமில வாயு. அமெரிக்க ஏல் வகை பீர்களுக்கு அது சரி. ஆங்கில பிட்டர் பீருக்கு 1.5 முதல் 2 போதும், ஜெர்மன் கோதுமை பீருக்கு 3-க்கு மேல் வேண்டும். அதே 2.5-ஐ 20 டிகிரி அறையில் எட்ட 28, 29 பி.எஸ்.ஐ. ஆகும்.

12-ல் வைத்துவிட்டு மறந்துவிட்டால் பத்து முதல் பதினான்கு நாள். அவசரமென்றால் குளிர்ந்த கெக்கை 30-ல் 24 மணி நேரம் வையுங்கள், பிறகு வாயுவை மூடி, நிவாரண வால்வால் மேலழுத்தத்தை வெளியேற்றி, 12-க்கு இறக்குங்கள். சனிக்கிழமை மாலைக்குள் குடிக்கும்படி இருக்கும், நுரை மட்டும் கொஞ்சம் கரடாக இருக்கும்.

குலுக்கும் பழக்கம் பலருக்கு. 30-ல் வைத்துக் குலுக்குபவர்கள்தான் எல்லை தாண்டி, பிறகு நுரை நுரை என்று எழுதுகிறார்கள். குலுக்கியே ஆகவேண்டுமென்றால் ரெகுலேட்டரை (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) 12-ல் வைத்துக் குலுக்குங்கள். அதே குளிரில் 2.5-ஐ அது தாண்டாது. கெக்கைப் படுக்கவைத்தால் பீர் வாயு ஹோஸில் ஏறி ரெகுலேட்டருக்குள் போகலாம். ரெகுலேட்டரில் திரும்பாத் தடுப்பு வால்வு இல்லையென்றால் படுக்கவைக்கவே வேண்டாம். முதல் ஒரு நாள் கரியமில அமிலத்தின் கூர்ச்சுவை நாக்கில் கடிக்கும், மறுநாள் அடங்கும்.

டம்ளர் முழுக்க நுரை. ரெகுலேட்டரை 3-க்குக் குறைத்தும் பார்த்துவிட்டேன். புது ரெகுலேட்டர் வாங்கவா?
— த.ந., ஹாரோ, லண்டன்

வாங்காதீர்கள். எங்களுக்கு வரும் நுரைக் கடிதங்களில் ரெகுலேட்டர் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். வெப்பநிலையும் ஹோஸ் நீளமும்தான் வழக்கமான காரணங்கள். அழுத்தத்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். 2.5 அளவு வாயு ஏறிய பீருக்கு மேல் 3 பி.எஸ்.ஐ. மட்டும் இருந்தால், கரைந்த வாயு ஹோஸுக்குள்ளேயே பிரிந்து குமிழியாகும். டம்ளரில் நுரை, நாலைந்து நாளில் சப்பென்ற பீர்.

முதலில் எந்த டம்ளர் நுரைக்கிறது என்று பாருங்கள். முதல் டம்ளர் மட்டும் நுரைத்து அடுத்தவை சரியாக வந்தால், ஃபிரிட்ஜுக்கு மேலே நிற்கும் டவர் (டேப் பொருத்திய தூண்) சூடாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் குட்டி விசிறி ஒன்றை ஃபிரிட்ஜுக்குள் வைத்து, குளிர்காற்று ஒரு குழாய் வழியே டவருக்குள் போகும்படி செய்தால் தீரும்.

எல்லா டம்ளரும் நுரைத்தால் ஹோஸை அளந்துபாருங்கள். கிட்டுடன் வருவது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. உள்விட்டம் 4.8 மி.மீ. உள்ள வினைல் ஹோஸ் 12 பி.எஸ்.ஐ.க்குக் குறைந்தது 3 மீட்டர் வேண்டும். பீர் ஹோஸில் ஓடும்போது ஏற்படும் உராய்வுதான் அந்த அழுத்தத்தைச் சாப்பிட வேண்டும், குட்டை ஹோஸில் பீர் பீறிட்டு வந்து டம்ளரில் உடைகிறது. சில பவுண்டுக்குத் தீரும் வேலை.

ஹோஸ் சரியாக இருந்தும் நுரைத்தால் வாயு அதிகம் ஏறியிருக்கிறது. வாயுவைத் துண்டித்து, ஒன்றிரண்டு நாள் சில மணி நேரத்துக்கொருமுறை நிவாரண வால்வை இழுத்துவிட்டு, பிறகு 12-ல் இணையுங்கள். ஹோஸ் தொடங்கும் இடத்திலேயே வரிசையாகக் குமிழி தெரிந்தால் கதை வேறு. நீண்ட குழாயின் கழுத்தில் இருக்கும் சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெட்டுப்பட்டு, மேலிருக்கும் வாயு பீரோடு கலக்கிறது. அதை மாற்றினால் போதும்.

டேப்பைப் பாதி திறந்து ஊற்றாதீர்கள், முழுவதும் திறங்கள். ஹோஸையும் டேப்பையும் இரண்டு வாரத்துக்கொருமுறை காரக் கரைசலால் கழுவுங்கள். டேப்பின் உள்ளே காய்ந்த பீர் பிசுக்கு தனியாக நுரை கிளப்பும்.

இரவோடு இரவாக வாயு தீர்ந்துவிடுகிறது. சோப்பு நீர் தடவியும் குமிழி இல்லை. அழுத்தம் மட்டும் இறங்குகிறது.
— வாசகி, சிட்னி

இரண்டு விஷயம் கசிவாகத் தெரியும், ஆனால் கசிவல்ல. சிலிண்டரை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பெரிய மீட்டர் 830 பி.எஸ்.ஐ.யிலிருந்து 550 பக்கம் இறங்கும். உள்ளே திரவமாக இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் குளிரில் அவ்வளவுதான். அந்த மீட்டரை வைத்து மிச்சத்தைக் கணக்கிட முடியாது, சிலிண்டரை எடை போட்டுப் பாருங்கள். இரண்டாவது, சிலிண்டரை மூடிவிட்டு, வாயு ஏறாத பீர் உள்ள கெக்கில் அழுத்தம் நிற்கிறதா என்று சோதிப்பது. பீரே வாயுவைக் குடித்துவிடும், அழுத்தம் இறங்கத்தான் செய்யும்.

உண்மையான சோதனை இரண்டு பகுதி. கெக்கைக் கழற்றிவிட்டு ஹோஸையும் ரெகுலேட்டரையும் 30-ல் ஏற்றி, சிலிண்டரை மூடி, காலையில் பாருங்கள். இறங்கினால் கசிவு அங்கே. பெரும்பாலும் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவிலுள்ள நைலான் வாஷர். நின்றால் கெக்கைத் தனியாக, காலியாக வைத்துச் சோதியுங்கள். மூடியின் பெரிய ஓ-ரிங்கில் உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் தடவி, முதலில் 30 பி.எஸ்.ஐ. கொடுத்து உட்காரவையுங்கள். 10, 12-ல் பழைய மூடி சரியாக உட்காராது. இரண்டு முனைகளையும் கழற்றிக் கழுவும்போது இடம் மாற்றிப் பொருத்தியிருக்கலாம். வாயு முனையின் அடிப்பட்டையில் சிறு வெட்டுக்குறி இருக்கும், அதுதான் அடையாளம்.

சிலிண்டர் இல்லாமல் சர்க்கரை போட்டுக் கெக்கில் வாயு ஏற்றலாமா?
— ஜெ., சிங்கப்பூர்

ஏற்றலாம். 20 டிகிரியில் நொதித்த 19 லிட்டருக்கு 2.4 அளவு வர 110 கிராம் வெள்ளைச் சர்க்கரை. ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள், இரண்டு வாரம் அறைவெப்பத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் அழுத்தமே இல்லாததால் மூடி உட்காராமல் வாயு எல்லாம் நழுவிப்போகும் ஆபத்து உண்டு. குட்டிக் குப்பி வாயுவையாவது வைத்து ஒருமுறை மூடியை இறுக்கிவிடுங்கள். முதல் டம்ளர் வண்டலோடு வரும், கொட்டிவிடுங்கள். ஊற்றுவதற்கு எப்படியும் வாயு வேண்டியிருக்கும் என்பதால், சிலிண்டர் வாங்குவதைத் தள்ளிப்போடலாமே தவிரத் தவிர்க்க முடியாது.

பின்-லாக் கெக் (இணைப்பி முனையின் முள்களில் பூட்டிக்கொள்ளும் வகை) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— அதே வாசகர்

கெக் நல்லதுதான். பழைய கோக் கெக்குகள் பின்-லாக், பெப்சியுடையவை பால்-லாக். இணைப்பிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏதாவது ஒரு வகையோடு நில்லுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் படுக்கையறை ஓரம்தான் இடம். சிலிண்டரை அங்கே வைக்கலாமா?
— பி.எம்., மிசிசாகா

வேண்டாம். 2.27 கிலோ சிலிண்டர் முழுவதும் கசிந்தால் 1,200 லிட்டருக்கு மேல் வாயு. மூன்றுக்கு மூன்று மீட்டர் அறையில் அது காற்றில் 6 சதவீதம் அளவுக்கு வரும், 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். கூடத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில், நிமிர்த்தி, விழாதபடி பட்டையால் கட்டி வையுங்கள். கரியமில வாயு எச்சரிக்கைக் கருவியைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு கருவி இதற்கு உதவாது. நிரப்பி வரும்போது காரில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெயிலில் விட்டுவிட்டு ஷாப்பிங் போகாதீர்கள். கெக்கின் முனைகளைக் கழற்றும் முன் நிவாரண வால்வை இழுத்து அழுத்தம் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.