அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகள் வாசகர் மனதை எப்படி மாற்றின? அவை வெறும் சோகக்கதைகள்தானா?

இல்லை. படிப்பவரை அழவைத்ததால் மட்டும் அவை ஜெயிக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போல எழுதியதில்தான் அவற்றின் பலம் இருக்கிறது.

ஃபிரெடரிக் டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் அடிமைமுறை இல்லாத வட மாநிலங்களுக்குத் தப்பி வந்தவர். அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் பேசத் தொடங்கியபோது, இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று சந்தேகப்பட்டார்கள். கூட இருந்த வெள்ளைக்கார நண்பர்களோ, நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எவ்வளவு வலித்திருக்கும்!

1845-இல் வந்த அவருடைய புத்தகம் இந்த இரண்டு பேருக்கும் பதில். எஜமானர்களின் பெயர், ஊர், சாட்டையால் அடித்தவனின் பெயர் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். சட்டப்படி அவர் அப்போதும் ஓடிப்போன அடிமைதான். பிடித்துக்கொண்டு போய்விடும் ஆபத்து இருந்ததால் அதே ஆண்டு பிரிட்டனுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்த ஆதரவாளர்கள் பணம் திரட்டி 1846-இல் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்.

அந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது அவருக்கு முழங்கால் வரை தொங்கும் முரட்டுச் சட்டை ஒன்றுதான் உடை. கடும் குளிரில், சோளம் கொண்டுபோகும் சாக்கைத் திருடி அதற்குள் தலையை நுழைத்துத் தூங்குவார். கால் வெளியே கிடக்கும். அந்தக் கால் பனியில் வெடித்த வெடிப்புகளில், இப்போது நான் எழுதும் இந்தப் பேனாவை வைக்கலாம் என்கிறார். வெடிப்பு, அவர் அடிமையாக இருந்ததற்குச் சாட்சி. பேனா, எழுதுவது அவரேதான் என்பதற்குச் சாட்சி. அழுகையோ ஆவேசமோ இல்லாமல் ஒரே வரியில் இரண்டு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறார்.

சொல்லாமல் விட்டதும் ஒரு உத்திதான். எப்படித் தப்பினேன் என்பதை மட்டும் அந்தப் புத்தகத்தில் சொல்லவே மாட்டார். சொன்னால் அடுத்துத் தப்பப் பார்க்கிறவர்களின் வழி அடைபட்டுவிடும் என்று காரணத்தையும் வெளிப்படையாக வைக்கிறார். கதை கேட்க வந்த வாசகருக்கு, தெற்கே இன்னும் ஆட்கள் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான் உறைக்கும். ஒரு மாலுமியின் அடையாளத் தாள்களை இரவல் வாங்கி ரயிலேறிய கதையை 1881-இல்தான் வெளியிட்டார்.

அப்புறம் ஹாரியட் ஜேக்கப்ஸ். அவருடைய சங்கடம் வேறு. வட கரோலினாவில் எஜமானின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், எழுந்து நிற்கக்கூட முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய 7 வருடம் ஒளிந்திருந்தார். அதற்கு முன்பே, எஜமானிடம் சிக்காமலிருக்க வேறொரு வெள்ளைக்காரரோடு உறவு வைத்து இரண்டு பிள்ளைகள் பெற்றிருந்தார். 1861-இல் புனைபெயரில் இதைப் புத்தகமாக வெளியிட்டபோது, ஒழுக்கத்தைப் பெரிதாக நினைக்கும் வடக்கத்திப் பெண்கள்தான் அவருடைய வாசகர்கள். அவர்களிடம் மன்னிப்பும் கேட்கிறார். அதே மூச்சில், உங்கள் வீட்டைச் சட்டம் காக்கிறது, அடிமைப் பெண்ணை உங்கள் அளவுகோலால் அளக்கக் கூடாது என்றும் சொல்கிறார். மன்னிப்பில் தொடங்கும் பேச்சு சட்டத்தின் மேல் குற்றச்சாட்டாக முடிகிறது. என்னைக் கேட்டால், வாதத் திறமையில் டக்ளஸைவிட இவர் ஒரு படி மேல்.

படிப்பதாக இருந்தால் டக்ளஸிலிருந்து தொடங்குங்கள், சின்னப் புத்தகம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடிமைப் பெண்கள் பட்டதை உள்ளிருந்து சொல்வது ஜேக்கப்ஸ்தான்.