மகள் வைரஸ் ஆராய்ச்சிதான் படிப்பேன் என்கிறாளா?

நீட் வேண்டாம், வைரஸ் ஆராய்ச்சிதான் வேண்டும் என்று பிளஸ் டூ படிக்கும் மகள் அடம்பிடிக்கிறாள், முப்பது வயது வரை படித்துக்கொண்டே இருந்தால் சம்பாதிப்பது எப்போது, கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கல்யாணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வயதுக் கணக்கு சரிதான்: எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம், பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்தாறு.

ஆனால் பிஎச்.டி.க்கு நீங்கள் செலவழிக்க வேண்டியிருக்காது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பணம் சில சமயம் மாதக்கணக்கில் இழுத்தடித்து வரும், கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் வேறு விஷயத்தில். பயோடெக் என்ற பெயருக்காக லட்சக்கணக்கில் கட்டி, நாலு வருடத்தில் ஒரு தடவைகூடத் தன் கையால் செல் வளர்க்காத பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். செல் கல்ச்சர் அறை எங்கே, அதற்குள் யு.ஜி. பிள்ளைகளை விடுவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடலாம். நல்ல ஆய்வகம் உள்ள அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியோ விலங்கியலோ படித்தால்கூடப் போதும். அப்புறம் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் எம்.எஸ்சி. வைராலஜிக்கு முயலலாம். பிளஸ் டூ முடித்ததும் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுதினால், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் சேரலாம். திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்கள் இரண்டும் நமக்குப் பக்கம்.

டாக்டராக்கும் ஆசையையும் விட வேண்டியதில்லை. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர், சென்னையில் எம்.டி. மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். யாரும் யோசிக்காத இன்னொரு வழி கால்நடை மருத்துவம். பறவைக் காய்ச்சலும் வெறிநாய்க்கடியும் விலங்குகளிடமிருந்துதானே வருகின்றன?

சரி, அவளுக்கு இது ஒத்துவருமா? வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தட்டின் அடியில் பாய் விரித்த மாதிரி செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, சில நாள் காத்திருந்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவுவார்கள். வைரஸ் செல்லைக் கொன்ற இடமெல்லாம் வெளுத்த புள்ளி தெரியும். உட்கார்ந்து எண்ண வேண்டும். தடுப்பூசி போட்டவரின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, வைரஸோடு முன்கூட்டியே கலந்து விட்டால் புள்ளி குறைகிறதா என்று பார்த்துத்தான் எதிர்ப்புச் சக்தியை அளக்கிறார்கள். நடுவில் பூஞ்சை விழுந்தால் எல்லாம் குப்பை, மறுபடி முதலிலிருந்து. செல்லுக்குத் தீபாவளி லீவெல்லாம் தெரியாது, செல் வளரும் சத்துத் திரவமான மீடியத்தை மாற்ற யாராவது போயே ஆக வேண்டும்.

நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் குறைவு, மறைக்க விரும்பவில்லை. பலர் தடுப்பூசி, பரிசோதனைக் கிட் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் ஹைதராபாத், புனே பக்கம்தான்.

அதனால் இப்போதே எதையும் முடிவு செய்துவிட வேண்டாம். டிகிரி படிக்கும்போது, இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு அவளே விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் நிஜமான ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்து, மறுபடி போகிறேன் என்கிறாளா பாருங்கள். கோடைக்கென்றாலும் விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே கேட்பார்கள், தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.