அக்கி முதல் உதட்டுக் கொப்புளம் வரை: சிஸ்டரிடம் கேளுங்கள்

வேலூரில் தோல் நோய்ப் பிரிவில் நெடுநாள் செவிலியராக இருந்தவள் நான். ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களைப் பற்றிக் கேட்கலாம் என்றதும் அக்கியைப் பற்றித்தான் நிறையக் கேள்விகள் வந்தன. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (குடியாத்தம்): அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை இருக்கிறது. முந்தாநாள் இடது விலாவில் எரிச்சல் என்றார். இன்று காலை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். முதலில் காவி எழுதிப் பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா சிஸ்டர்?

பதில்: வேண்டாம் தம்பி, இன்றைக்கே கூட்டிப்போங்கள். அப்பாவுக்குச் சின்ன வயதில் அம்மை, அதாவது சின்னம்மை, வார்த்திருக்கும். அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கும். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வரும். அதனால்தான் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது.

கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. புண் சீக்கிரம் ஆறும், வலியும் குறையும். பெரியவர்களுக்கு வழக்கமாக அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் என்பதால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

காவி எழுதினால் குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. எழுதியவர்களுக்கு அக்கி இறங்கியதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் கொப்புளம் காய்ந்துவிடும். எனக்குப் பயமெல்லாம் அதற்குப் பிறகு நிற்கிற நரம்பு வலிதான். சட்டை உரசினாலே துடித்துப்போவார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும், வயதானவர்களுக்கே அதிகம். படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வைத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வலிக்குத் தனி மருந்து உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும்.

கேள்வி (ராணிப்பேட்டை): மாமியாருக்கு நெற்றியில் அக்கி. இமையும் வீங்கியிருக்கிறது.

பதில்: நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மூக்கு நுனியில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கண்ணிலும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டாலும் இன்றே கண் டாக்டர் பார்க்க வேண்டும். கருவிழி கெட்டால் பார்வையே போகலாம்.

கேள்வி (ஆரணி): பாட்டிக்கு அக்கி. நான் 5 மாத கர்ப்பம். எனக்கு ஒட்டுமா அக்கா?

பதில்: அக்கி அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம். உங்களுக்குச் சின்ன வயதில் வார்த்திருந்தால் பயமில்லை. வராதவர் என்றால், பாட்டியின் புண்ணெல்லாம் பொருக்குத் தட்டும்வரை தள்ளியிருங்கள். ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள் என்றால் உடனே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்து அம்மை நுரையீரலைத் தாக்கக்கூடும்.

கேள்வி (வாணியம்பாடி): கத்திரி வெயில் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வருகிறது. உடம்புச் சூடா? தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கொஞ்சலாமா?

பதில்: நம் ஊர் வெயில் அதைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். காய்ச்சல், தூக்கமின்மை கூடக் கிளப்பும். காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் இருக்கிறது. பலருக்குக் கொப்புளமே வராது. ஆனால் கொப்புளம் இருக்கும்போது பச்சைக் குழந்தையை முத்தமிடாதீர்கள். பிறந்த சில வாரங்களுக்குள் இது தொற்றினால் மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம்): பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. என் வாழ்க்கை முடிந்ததா?

பதில்: முடியவில்லை அப்பா. அம்மையையும் உதட்டுக் கொப்புளத்தையும் கொடுக்கிற அதே குடும்பத்து வைரஸ்தான் இது. இதற்கு மட்டும் வெட்கப்பட்டு ஒளிவது எனக்கு வேதனையாக இருக்கிறது. முற்றிலும் போகாது, ஆனால் நாளாக ஆக வரும் தடவைகள் குறையும். அடிக்கடி வந்தால் தினமும் மாத்திரை கொடுத்துக் கட்டுப்படுத்துவார்கள். கொப்புளம் இருக்கும்போது உறவு வேண்டாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அதனால் அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லியாக வேண்டும். கஷ்டமான பேச்சுதான், தெரிந்தே சொல்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியமும் காப்பார்கள்.

கேள்வி (ஆம்பூர்): பையனுக்கு அம்மை வார்த்திருக்கு. மாத்திரை தரக்கூடாது என்கிறார் பாட்டி.

பதில்: வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனையும் கும்பிடுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. குழந்தைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியபின் பள்ளிக்கு அனுப்புங்கள்.

கேள்வி (ஆற்காடு): அக்கித் தடுப்பூசி போட்டால் ஞாபக மறதி நோய் வராதாமே?

பதில்: வராது என்று யாரும் சொல்லவில்லை. வேல்ஸ் நாட்டு முதியவர்களிடம் செய்த ஆய்வு 2025ல் வந்தது. பழைய வகை அக்கித் தடுப்பூசி போட்டவர்களுக்கு அந்த நோய் சுமார் 20 சதவீதம் குறைவாக வந்தது. நல்ல செய்திதான், ஆனால் அக்கியைத் தடுப்பதே ஊசி போடப் போதுமான காரணம். புதிய வகை ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 தாண்டியவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம், அது உண்மை. ஒருமுறை அக்கி வந்தவர்களும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.